இரும்புத் தொட்டிக்கு நல்ல தண்ணீர்

மச்சான் ஷெட்டை விட்டு வெளியே வந்தபோது அவர் முகத்தில் கண்ணும் பல்லும்தான் வெள்ளையாக இருந்தன. மற்றதெல்லாம் கறுப்பு. பொழிச்சலூரில் என் பட்டறையில் பிளாஸ்மா மெஷின் முதன்முதலாகத் தகடு வெட்டிய அன்று நான் பார்த்தது இது. அவருக்குப் பின்னால் ஷெட் முழுக்கப் புகை அசையாமல் நின்றது. மாவு சலிக்கும்போது எழும் தூசியைவிட நைசான புகை. தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து உதறிவிட்டு, வெட்டிக் கொண்டுவந்த தகட்டின் ஓரத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். ஒரு பிசிறு இல்லை. "கேக்கு வெட்டுற மாதிரி போவுது மாப்ள" என்றார். சொல்லிவிட்டு இருமினார். அந்த இருமலை அன்று யாரும் காதில் வாங்கவில்லை. எல்லோரும் தகட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஐந்தாம் வகுப்புக்கு மேல் நான் படித்ததில்லை. ஆனால் பம்மலிலிருந்து தாம்பரம் வரைக்கும் சின்னப் பட்டறைக்காரர்களில் முதலில் பிளாஸ்மா கொண்டுவந்தவன் நான்தான். இதை நானே சொல்லிக்கொள்கிறேன் என்று யாராவது நினைத்தால் நினைக்கட்டும், வேறு யார் சொல்லப்போகிறார்கள்? தொண்ணூறுகளின் தொடக்கம் அது. மற்றவர்கள் கேஸ் கட்டரை வைத்துக்கொண்டு கால் நாள் வெட்டியதை என் மெஷின் டீ ஆறுவதற்குள் வெட்டிப் போட்டது. காற்றையும் மின்சாரத்தையும் சேர்த்து ஊசிமுனை மாதிரிப் பாய்ச்சும் மெஷின். மூடிப்போன ஒரு கம்பெனியிலிருந்து பழையதாக வாங்கி, நானே பிரித்து, நானே மாட்டினேன். ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரிப் பக்கம் அப்போது எழும்பிய எத்தனையோ கட்டடங்களுக்குக் கூரைச் சட்டமும் ஷட்டரும் என் பட்டறையிலிருந்து போனவை. இன்றைக்கும் அந்த ரோட்டில் போனால் கண் அவற்றைத்தான் தேடும். ஆனால் அவற்றை வெட்டிய கை என்னுடையது இல்லை. அது மச்சானின் கை.

மச்சான் என்றால் என் சம்சாரத்தின் அண்ணன். நாங்கள் எல்லோருமே கடற்கரைக் குப்பத்து ஆட்கள். நான் சின்ன வயதிலேயே கடல் வேண்டாம், இரும்பு போதும் என்று வெல்டிங் கற்றுக்கொள்ள ஓடிவந்தவன். அவர் அப்படி இல்லை. கட்டுமரத்தில் மோட்டார் மாட்ட ஆரம்பித்த காலத்தில் குப்பத்திலேயே முதல் ஆளாக மோட்டார் மாட்டிக்கொண்டு போனவர். ஒரு நாள் தன்னோடு வந்த கூட்டாளியைக் கடல் எடுத்துக்கொண்டது. அதற்கப்புறம் அவர் அலையில் கால் வைக்கவில்லை. கல்யாணமும் கட்டவில்லை. ஒரு துணிப்பையோடு என் பட்டறை வாசலில் வந்து நின்று, "எதுனா வேலை குடு மாப்ள, சோறு மட்டும் குடுத்து உக்கார வெச்சிடாத" என்றார். பட்டறைக்குப் பின்னால் ஓர் அறை போட்டுக் கொடுத்தேன். தகடு வெட்டுகிற டார்ச்சைக் கையில் கொடுத்த ஒரு மாதத்தில், சாக்பீஸ் கோடு போடாமலே வட்டம் வெட்ட ஆரம்பித்துவிட்டார். வாயும் சும்மா இருக்காது. வாடிக்கையாளர் வந்து நின்றால், "ஓனரு பேசுவாரு, நான் வெட்டுவேன், நீ எதுக்கு வந்த, சொல்லு" என்பார். அதைக் கேட்பதற்காகவே டீ குடிக்கிற சாக்கில் வந்து உட்காருகிறவர்கள் இருந்தார்கள்.

மெஷின் வந்த வருஷத்திலேயே இருமல் நிலைத்துவிட்டது. முதலில் காலையில் மட்டும். அப்புறம் மாடிப்படி ஏறினால். அப்புறம் சிரித்தால்கூட. சிரிக்கிற மனுஷனுக்குச் சிரிப்பே பகையாகிப்போனதை நான் கண்ணால் பார்த்தேன். தாம்பரத்தில் ஒரு டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். அவர் மார்பில் ஸ்டெத் வைத்துக் கேட்டுவிட்டு, எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்துவிட்டு, இனிமேல் புகை ஆகாது என்றார். மச்சான் உடனே, "பீடியை வுட்டு ரொம்ப நாளாச்சி சார்" என்றார். "நான் பீடியைச் சொல்லலை" என்றார் டாக்டர்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தார். நான் பேச்சை எடுத்தேன். டார்ச்சை வேறு ஆளிடம் கொடுப்போம், நீ சரக்கு வாங்குவதையும் ஆட்களையும் பார்த்துக்கொள், நீ சொன்னால் எல்லோரும் கேட்பார்கள் என்று என்னென்னவோ சொன்னேன். பல்லாவரம் தாண்டின பிறகுதான் ஜன்னலிலிருந்து என் பக்கம் திரும்பினார்.

"கடலை வுட்டுட்டு வந்தேன். இத்தையும் வுட்டா நான் யாரு மாப்ள? தங்கச்சி வூட்ல துண்றவன். அவ்ளோதான?"

அன்றைக்கு முடிவு செய்தேன், மச்சான் டார்ச்சை விடக் கூடாது, புகைதான் போக வேண்டும்.

கிண்டியில் ஒரு பெரிய கம்பெனியில் நான் ஏற்கெனவே பார்த்திருந்தேன். வெட்டுகிற மேசைக்கு அடியில் ஆழம் குறைவாக ஓர் அகலமான தொட்டி. அதில் தண்ணீர். தகட்டின் வயிற்றைத் தண்ணீர் தொடுகிற மாதிரி நிறைத்து வைத்திருப்பார்கள். தகட்டைத் துளைத்துக்கொண்டு கீழே பாயும் நெருப்பும் உருகின இரும்பும் புகையும் நேராகத் தண்ணீருக்குள் போய்விடும். வெட்டுகிறவர் முகத்துக்கு ஒன்றும் ஏறாது. ஆனால் தண்ணீர் நாலு விரல் இறங்கினாலும் போச்சு. தகட்டுக்கும் தண்ணீருக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியில் புகை படர்ந்து, ஓரமாக வெளியே வந்து, நேராக ஆள் மூக்குக்குத்தான் வரும். தொட்டி செய்வது பெரிய வித்தை இல்லை. அதை எதில் செய்வது என்பதுதான் கேள்வியாகிவிட்டது. ஒரு வாரம் பட்டறையில் வேறு பேச்சே கிடையாது.

பழைய இரும்புக் கடைக்காரர், ஜி.ஐ. தகடு இருக்கிறது, துருப்பிடிக்காது என்றார். மச்சானே அவரை விரட்டினார். ஜி.ஐ. தகட்டின் மேல் பூசியிருக்கும் துத்தநாகத்தில் நெருப்பு பட்டால் வெள்ளைப் புகை வரும். அதை மூக்கில் வாங்கியவனுக்கு ஜுரம் வந்து உடம்பு தூக்கித் தூக்கிப் போடும். எங்களில் அந்த ஜுரம் வராதவர் கிடையாது. "புகைக்குப் பயந்து தொட்டி செய்யச் சொன்னா, புகையிலயே தொட்டி செய்யிறேன்ற" என்று அவரைக் கேட்டார். அலுமினியம் என்றார் இன்னொருவர். உருகின இரும்பு ஒரு சொட்டு விழுந்தால் ஓட்டை விழும் என்று நான் தள்ளிவிட்டேன். கொத்தனார் ஒருவர் மாட்டுத் தொட்டி மாதிரி சிமெண்டில் கட்டித் தருகிறேன் என்று வந்தார். சூடு பட்டால் சிமெண்ட் பொரிந்து தெறிக்கும் என்று ஒரு துண்டு சிமெண்ட் பலகை மேல் டார்ச்சைக் காட்டினேன். பட்டாசு மாதிரி வெடித்தது. கொத்தனார் டீயைக்கூடக் குடிக்காமல் போய்விட்டார். மச்சானுக்கு மட்டும் ஃபைபர் மேல் ஒரு கண். குப்பத்தில் அப்போது ஃபைபர் போட்டுகள் வந்துவிட்டன. அவர் சித்தப்பா மகன் அதைத்தான் வார்த்துக்கொண்டிருந்தார். கடலிலேயே கிடக்கிறது, துரு என்றால் என்னவென்றே அதற்குத் தெரியாது என்றார். நெருப்புத் தெரியுமா என்று கேட்டேன். "அது தெரியாது" என்று ஒத்துக்கொண்டார். எஸ்.எஸ். என்கிற எவர்சில்வர்தான் எல்லாவற்றிலும் உசத்தி. எனக்குக் கிடைத்ததோ பாத்திரம் செய்கிற கனத்தில் இருந்த தகடு. வெல்டிங் வைத்தாலே அப்பளம் மாதிரி நெளிந்தது.

கடைசியில் சாதாரண இரும்பு என்று நான் முடிவு செய்தேன். கால் இஞ்ச் தகடு. எவ்வளவு நெருப்பு விழுந்தாலும் கவலைப்படாது. ஓட்டை விழுந்தால் நானே அடைத்துக்கொள்வேன். மச்சானும் தலையை ஆட்டினார், ஆனால் ஒரு நிபந்தனை போட்டார். எங்கள் பட்டறைக் கிணற்றுத் தண்ணீர் அப்படியொரு உப்பு. அதில் கை கழுவினால் சோப்பு நுரைக்காது. வாளியின் இரும்புப் பட்டை ஒரு மழைக்காலத்துக்குள் பொடிந்து விழும்.

"கடல் தண்ணியப் பாத்தவன் நான். இந்தக் கெணறு அதுக்கு அண்ணன். இந்தத் தண்ணி ஒரு சொட்டு பட்டாலும் உன் தொட்டி தாங்காது. நல்ல தண்ணி ஊத்துறதா இருந்தா செய்யி" என்றார்.

கடலுக்குப் போகிறவர்களின் பழக்கம் அது. கரைக்கு வந்ததும் வலையைப் பார்ப்பதற்கு முன்னால், தாகத்துக்குத் தண்ணீர் குடிப்பதற்கும் முன்னால், மோட்டாரை நல்ல தண்ணீரில் கழுவிவிடுவார்கள். உப்பு உள்ளே உட்கார்ந்துவிட்டால் மோட்டார் போச்சு, மோட்டார் போனால் பிழைப்பு போச்சு. இரும்புக்கு முதல் தண்ணீர், மனுஷனுக்கு அப்புறம். இது அவர் ரத்தத்தில் ஊறியிருந்தது. அப்போது எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. ஒரு மாதம் உழைத்துச் செய்கிற தொட்டி பத்து வருஷமாவது நிற்க வேண்டாமா?

தொட்டியை மச்சானும் நானுமே செய்தோம். ஒரு மூலைக்குத் தண்ணீர் வடிகிற மாதிரி லேசான சாய்வு, அடியில் ஓர் அடைப்பான், உள்ளே கப்பலுக்கு அடிக்கிற கறுப்புப் பெயிண்ட் மூன்று பூச்சு. அந்தப் பெயிண்டைத் துறைமுகத்துப் பக்கம் தெரிந்தவர் மூலமாக நான் பிடித்துக்கொண்டு வந்தேன். இன்றைக்கும் அப்படி ஒரு தொட்டியை யாரும் செய்து காட்டட்டும், ஒத்துக்கொள்கிறேன்.

நல்ல தண்ணீருக்கு எங்கே போவது? எங்கள் தெருவில் குடிதண்ணீர் லாரியில்தான் வரும். வந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. லாரிச் சத்தம் கேட்டால் அடுப்பில் இருப்பதை அப்படியே விட்டுவிட்டுப் பெண்கள் குடத்தோடு ஓடுவார்கள். என் சம்சாரம் எங்களிடம் ஒன்றும் கேட்கவில்லை. தொட்டியை மேசைக்கு அடியில் பொருத்திய மறுநாள், வரிசையில் நின்று பிடித்த குடங்களை வீட்டுக்குக் கொண்டுபோகாமல் நேராகப் பட்டறைக்குக் கொண்டுவந்து தொட்டியில் ஊற்றினாள். மறுநாளும் ஊற்றினாள். வீட்டில் பிள்ளைகளுக்கு ஒரு குடம் வைத்துவிட்டு மற்றதெல்லாம் தொட்டிக்கு. தெருவில் பார்த்தவர்கள் சும்மா விடுவார்களா? "குடிக்கத் தண்ணி இல்லாம நாங்க சாவுறோம், இவ இரும்புக்கு ஊத்திகினு கீறா" என்று ஒருத்தி அவள் காதுபடவே சொன்னாள். இவள் குடத்தை இறக்கவில்லை, நடையையும் நிறுத்தவில்லை. "இரும்புக்கு இல்லக்கா, எங்கண்ணனுக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தாள்.

தொட்டி நிறைந்த அன்று மச்சான் வெட்டினார். புகை வரவில்லை. தகட்டின் அடியில் தண்ணீர் கொதித்துக் குமுறும் சத்தம் மட்டும் கேட்டது. முடித்துவிட்டு வெளியே வந்தார், முகம் முகமாகவே இருந்தது. "இன்னா மாப்ள, என்னை எல்லாருக்கும் அடையாளம் தெரியுதே, இனிமே கடன்காரனுங்ககிட்ட எப்படித் தப்பிக்கிறது" என்றார். அந்த மழைக்காலமும் அதை ஒட்டிய பனிக்காலமும் எங்கள் நல்ல காலம். இருமல் அடங்கியது. தாம்பரத்து டாக்டரே பரவாயில்லையே என்றார். மச்சான் மறுபடி பழைய மாதிரி சிரிக்க ஆரம்பித்தார். நாங்கள் ஜெயித்துவிட்டோம் என்றே நான் நினைத்தேன். வேலையும் கொட்டியது. கூடுவாஞ்சேரிப் பக்கம் ஷட்டர் மாட்டுகிற வேலை எடுத்து, பகலெல்லாம் நான் அங்கேயே கிடந்தேன்.

கோடை வந்தது. அந்த வருஷம் லாரி வருவது குறைந்து, தெருவே குடத்தோடு தவித்தது. தொட்டித் தண்ணீர் வேலை நடக்க நடக்கக் கொதித்து ஆவியாகிக் குறைந்துகொண்டே இருக்கும், மேலே ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். என் சம்சாரம் தினமும் கேட்பாள். "நெறைய கீது பாப்பா, இப்போ வேணாம்" என்று மச்சான் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார். சோற்றுத் தூக்கையும் வாசலிலேயே வாங்கிக்கொள்வார். அண்ணன் சொன்னால் அவள் ஏன் சந்தேகப்படப்போகிறாள்?

ஒரு மத்தியானம் சாப்பாட்டோடு அவள் போனபோது மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. கூப்பிட்டது அவருக்குக் கேட்கவில்லை. ஷெட்டின் கூரை இடுக்கிலிருந்து புகை கசிவதைப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். பழைய நாள் மாதிரியே மச்சான் கறுப்பாக நின்றிருந்தார். அவள் தூக்கைக் கீழே வைத்துவிட்டு, மேசைச் சட்டங்களுக்கு நடுவில் கையை விட்டுப் பார்த்தாள். முழங்கை வரை போன பிறகுதான் விரல் நனைந்தது. அன்று சாயங்காலம் நான் வந்தபோது அவள் சொன்னதை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

"இன்னாண்ணா இது? தண்ணி அடியில கீது, நெறைய கீதுன்னு சொன்ன?"

"இரும்புக்கு இவ்ளோ போதும் பாப்பா."

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஊத்தியிருக்க மாட்டனா?"

"உன் புள்ளைங்க குடிக்கிற தண்ணி அது. நீ குடத்தைத் தூக்கிகினு லாரி பின்னால ஓடுறத நான் பாத்துகினுதான கீறேன்."

"அப்போ கெணத்துத் தண்ணிய ஊத்தித் தொலைக்க வேண்டியதுதான?"

"மாப்ள ஆசையா செஞ்ச தொட்டி. உப்பு தின்னுடும்" என்றாராம்.

அவளுக்குக் கோபம் வந்தால் பேச மாட்டாள். வீட்டுக்கு வந்து, பானையில், அண்டாவில், சமையலுக்கு எடுத்து வைத்த சொம்பில் என்று இருந்த தண்ணீர் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போய்த் தொட்டியில் ஊற்றினாள். மச்சான் தடுக்கத் தடுக்க ஊற்றினாள். சாயங்காலம் பிள்ளைகள் பக்கத்து வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்தார்கள். மறுநாள் காலையில் நான் மெஷினின் மெயின் ஸ்விட்சை இறக்கிவிட்டு, கிணற்றில் இறைத்து விளிம்பு வரை நிரப்பினேன். தொட்டி அழிந்தால் அழியட்டும், இன்னொன்று செய்துகொள்கிறேன், பத்து தொட்டி செய்வேன் என்று கத்தினேன். அந்தக் கோடை முழுக்க மச்சான் யாரிடமும் சொல்லாமல் உள்ளே வாங்கிய புகையை வெளியே எடுக்க எந்தத் தண்ணீராலும் முடியவில்லை.

அதற்குப் பிறகு அவர் டார்ச்சைத் தொடவில்லை. தொட முடியவில்லை. நாலு அடி நடந்தால் நின்று மூச்சு வாங்கினார். ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அந்த வருஷத்து மழை ஆரம்பித்தபோது அவர் அங்கேதான் இருந்தார். பட்டறைக் கூரையிலிருந்து கொட்டிய மழைத் தண்ணீரில் டிரம்மெல்லாம் நிரம்பி வழிந்தது. தெருவில் முழங்கால் அளவுக்கு நல்ல தண்ணீர் ஓடியது, பிடித்துவைக்க ஆள் இல்லை. நான் தொட்டியின் அடைப்பானைப் பிடுங்கி உப்புத் தண்ணீரை வடித்துவிட்டு, மழைத் தண்ணீரை நிரப்பி வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். படுக்கையில் சாய்ந்திருந்தார். பேச இரண்டு மூச்சு தேவைப்பட்டது.

"தொட்டி எப்படி கீது மாப்ள?"

"நல்லா கீது மச்சான். மழைத் தண்ணி ஊத்தியிருக்கேன்."

"துரு?"

"இல்ல."

கண்ணை மூடிக்கொண்டார். அவர் முகத்தில் அப்படியொரு நிம்மதி. என்னால் அதைப் பார்க்க முடியவில்லை, வெளியே வந்துவிட்டேன். அந்த வாரமே போய்விட்டார். அவரைக் குப்பத்துக்குக் கொண்டுபோய்க் கடலைப் பார்த்த மாதிரி அடக்கம் செய்தோம். என் சம்சாரம் அங்கே அழவில்லை. திரும்பி வந்து, லாரித் தண்ணீர் வந்தபோது, வரிசையில் நின்று, முதல் குடம் நிறைந்ததும் அதைத் தூக்க முடியாமல் அங்கேயே உட்கார்ந்து அழுதாள். முன்னே தெருவில் குத்திப் பேசினவளே வந்து அந்தக் குடத்தைத் தூக்கி எங்கள் வீட்டில் வைத்துவிட்டுப் போனாள். "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஊத்தியிருக்க மாட்டனா" என்று என் சம்சாரம் அன்று பட்டறையில் அண்ணனைக் கேட்டதை இன்னும் அவ்வப்போது கேட்கிறாள். என்னைப் பார்த்துக் கேட்பதில்லை, பாத்திரம் துலக்கும்போது, துணி மடிக்கும்போது.

அந்தத் தொட்டியில் அதற்கப்புறம் பல வருஷம் பல பேர் வெட்டினார்கள். நான் உப்புத் தண்ணீர் ஊற்றியும் அது லேசில் அழியவில்லை. மச்சான் பயந்த அளவுக்கு உப்பு ஒன்றும் செய்துவிடவில்லை. ஓரிரண்டு இடத்தில் பொத்தல் விழுந்தது, நான் ஒட்டுப் போட்டேன், அவ்வளவுதான். நல்ல பொருளாகப் பார்த்துத்தான் தேர்ந்தெடுத்திருந்தோம். தொட்டி வாழ்வதற்கு என்னென்ன வேண்டுமோ அத்தனையும் செய்திருந்தோம்.

இப்போது என் பட்டறை கூடுவாஞ்சேரியில். கம்ப்யூட்டர் சொல்ல மெஷின் வெட்டுகிறது, கூரையைப் பார்த்தால் கம்பெனி என்றுதான் சொல்வார்கள். மேசை செய்து கொடுக்க வந்த இன்ஜினியர் பையன், அடித்தொட்டியை எஸ்.எஸ்.ஸில் செய்யட்டுமா, எம்.எஸ். என்கிற சாதாரண இரும்பில் எபாக்ஸி பெயிண்ட் அடித்துத் தரட்டுமா என்று கேட்டு ஒவ்வொன்றும் எத்தனை வருஷம் உழைக்கும் என்று விவரமாக எடுத்துச் சொன்னான். எல்லாம் எனக்குத் தெரிந்ததுதான், அவன் பிறப்பதற்கு முன்னாலேயே தெரிந்ததுதான். எதில் வேண்டுமானாலும் செய், பக்கத்திலேயே ஒரு குழாய் வை, யாரையும் கேட்காமல் தண்ணீர் வர வேண்டும் என்றேன். அவன் மிதவை வைத்த குழாய் ஒன்றைப் பொருத்திக் கொடுத்தான். தண்ணீர் ஒரு விரல் இறங்கினால் தானாகத் திறக்கிறது, நிறைந்ததும் தானாக மூடிக்கொள்கிறது. மத்தியானத்தில் எனக்குச் சாப்பாடு கொண்டுவரும் என் சம்சாரம், அந்தக் குழாய் திறக்கும் சத்தம் கேட்டால் கையில் தூக்கோடு அப்படியே நிற்கிறாள். அது நிறைந்து மூடும்வரை நகர்வதில்லை.